தெரியாமல் கொடுத்த மருந்து

பயிற்சியின் முதல் வாரத்திலேயே பால்வண்ணன் இரண்டு முறை திட்டு வாங்கிவிட்டார். இரண்டும் ஒரே குற்றத்துக்குத்தான். எதிரே வந்து உட்கார்ந்த ஆளிடம், முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார்.

அவர் என்ன செய்வார், பாவம். அரசு மதுக்கடையில் கம்பி வலைக்குப் பின்னால் நின்று இருபது வருடம் அதே கேள்வியைக் கேட்ட வாய். வலையில் இருந்த ஓட்டை வழியே ஒரு கை வரும், அவர் கேட்பார், கை சொல்லும், அவர் கொடுப்பார். முகம் பார்க்கிற வேலை அதில் இல்லை. பார்த்தால் பிழைப்பு ஓடாது என்பதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டவர். அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் "அவிய கவர்மெண்டுல இருக்காவ" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எந்தத் துறை என்று யாராவது தோண்டினால் காப்பி போட உள்ளே போய்விடுவாள்.

பிறகு எந்திரம் வந்தது. உள்ளங்கையைக் காட்டினால் போதும், வயதைப் படித்து, வங்கிக் கணக்கில் கை வைத்து, பாட்டிலைத் தள்ளிவிடும். சில்லறைச் சண்டை இல்லை, வரிசையில் அடிதடி இல்லை. மாநிலம் முழுக்க விற்பனையாளர்கள் மிச்சமானார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேலிடத்தில் மண்டையைப் பிய்த்துக்கொண்ட யாரோ ஒரு புண்ணியவான், "குடிக்கிறவனை இவர்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். விற்ற ஆட்களுக்கே விடவைக்கும் பயிற்சி கொடுப்பது என்று முடிவானது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள் என்று திருநெல்வேலியே சிரித்தது. பால்வண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஓய்வு பெற இன்னும் சில வருடம் பாக்கி இருந்தது, சிரிக்காமல் என்ன செய்ய?

பயிற்சி கொடுத்தவர் டாக்டர் எஸ்தர் ஜெபமணி. பால்வண்ணனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். பயிற்சி நடந்த குடிமீட்பு மையத்தில் எத்தனை கூச்சல் நடந்தாலும், எவன் வாந்தி எடுத்தாலும், எவள் தலைவிரித்து அழுதாலும் அந்த அம்மாவின் குரல் ஒரு நூல் ஏறாது. திட்டுவதுகூடப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பதுபோலத்தான் இருக்கும். இப்படி ஒரு மனம் வாய்க்க என்ன தவம் செய்திருக்க வேண்டும் என்று பால்வண்ணன் வியந்திருக்கிறார்.

தணிப்பான் என்ற மருந்தைப் பற்றி டாக்டர் பாடம் எடுத்த நாளில் வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. மேசைமேல் கட்டைவிரல் உயரத்தில் ஒரு குப்பி இருந்தது. உள்ளே தண்ணீர்போல ஏதோ. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லையாம்.

"இது குடியை நிறுத்துற மருந்து இல்ல" என்று ஆரம்பித்தார் டாக்டர். "சாராயம்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதே இதுக்குத் தெரியாது. உள்ள போனதும் மூளையில எந்த ஏக்கம் அதிகமா எரியுதோ, அங்க போய் உட்காரும். ஒரு குப்பியைப் பத்து நாள் சாயங்காலம் விடாம கொடுத்தா அந்த நெருப்பு அவிஞ்சிடும். ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். குடிச்ச இடம், கூடக் குடிச்ச ஆள், எல்லாம். வேணும்கிற எண்ணம் மட்டும் இருக்காது."

"திரும்ப வந்துராதா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவிஞ்சது அவிஞ்சதுதான். புதுசா வேற ஏதாவது பத்தலாம். அது வேற கதை."

பால்வண்ணன் கையைத் தூக்கினார். "அப்ப நாங்க எதுக்கு மேடம்? டம்ளர்ல ஊத்திக் குடுத்தாப் போதும்லா."

"எந்த ஏக்கம் எரியுதுன்னு யார் சொல்றது? குடிக்குத்தான் ஏங்குறான்னு நினைச்சுக் கொடுப்போம். உள்ளுக்குள்ள அவன் செத்துப்போன தம்பிக்கு ஏங்கிட்டு இருப்பான். தம்பி போயிடுவான், குடி அப்படியே இருக்கும். அதனாலதான் முதல்ல பேசணும். வாரக்கணக்குல பேசணும். தனக்கு எது வேணாம்னு அவனே தெரிஞ்சு, தன் வாயால கேட்கணும். கேட்டா மறுக்கவும் கூடாது. கேட்காம ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவும் கூடாது. இந்த ரெண்டும்தான் விதி."

பால்வண்ணனுக்குப் பழகிப் பார்க்க ஒரு ஆளைக் கொடுத்தார்கள். பெயர் சுடலைமணி. மின்வண்டிகளுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் நிலையத்தில் வேலை. பால்வண்ணனுக்கு அந்தக் கையைத் தெரியும். பேட்டரிப் பெட்டி நசுக்கிய ஆள்காட்டி விரல் நகம் கறுத்துப்போன கை. கம்பி வலை ஓட்டைக்குள் எத்தனையோ மாலைகள் நுழைந்த கை. முகத்தை இப்போதுதான் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் நல்ல முகம்தான்.

சுடலைமணி இரண்டு முறை வந்தான். முதல் முறை, "அண்ணாச்சி, நீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, கண் கலங்கி, எழுந்து போனான். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவனுக்குப் பதிலாக அவன் மனைவி இசக்கியம்மாள் வந்தாள். முகம் பிடிபடவில்லை. வாயைத் திறந்ததும் பால்வண்ணனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. கடைவாசலில் தினமும் கேட்ட குரல். வரிசைக்கு வெளியே, சாக்கடைத் திட்டில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, அவியளுக்குக் குடுக்காதிய அண்ணாச்சி" என்று கெஞ்சிய குரல். அவர் கேளாததுபோல இருந்துவிடுவார். எந்திரமும் அதைத்தானே செய்கிறது.

"அவிய இனிமே வர மாட்டாவ" என்றாள். "அந்த மருந்தை எங்கிட்டத் தாங்க. சோத்துல விட்டுக் குடுத்துருதேன். அவியளுக்குத் தெரியவே தெரியாது."

"அது முடியாதும்மா. அவன் தன் வாயால கேக்கணும். அதான் விதி."

"கேக்குற நெலமையிலயா இருக்காவ? ஏழு மணி ஆனா எனக்கு வயித்தைப் பெசையுது அண்ணாச்சி. தெருவுல செருப்புச் சத்தம் கேட்டா நெஞ்சு நின்னு நின்னு அடிக்கி. எந்தச் சாக்கடையில கெடக்காவளோன்னு தேடித் தேடி காலெல்லாம் வீங்கிப்போச்சு. பையன் ஆஸ்டல்ல இருந்து வீட்டுக்கே வர மாட்டக்கான்."

"நாளைக்கு நானே வந்து அவன்கிட்டப் பேசுதேன்."

இசக்கியம்மாள் குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அன்னைக்கு, குடுக்காதியன்னு கெஞ்சுனேன். குடுத்திய. இன்னைக்குக் குடுங்கன்னு கெஞ்சுதேன். இப்பப் பாத்து விதி பேசுதிய."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பால்வண்ணன் அலமாரியைத் திறந்து, சுடலைமணிக்காக ஒதுக்கியிருந்த குப்பியை எடுத்து, மேசைமேல் வைத்தார். பாவம் பார்த்துத்தான் கொடுத்ததாக அன்று நினைத்துக்கொண்டார். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தே பழகிய கை அது என்பது பிறகுதான் உறைத்தது.

மருந்து வேலை செய்தது. ஒரு மாலை சுடலைமணி வேலை முடிந்து எந்திரத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறான். உள்ளங்கையை நீட்டியிருக்கிறான். எதற்கு நீட்டினோம் என்று தெரியாதவன்போலக் கையைப் பார்த்துவிட்டு, திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. நிலையத்தில் மேற்பார்வை வேலை கொடுத்தார்கள். கன்னத்தில் சதை வைத்தது.

தான் பேசிய பேச்சிலேயே அவன் தேறிவிட்டதாக டாக்டரிடம் பால்வண்ணன் சொல்லிவைத்தார். வகுப்பில் டாக்டர் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார், அதே அறிவிப்புக் குரலில். பொய் என்று தெரிந்தும் பால்வண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார். வாழ்நாளில் அவர் கையால் ஒரு ஆள் உருப்பட்டது இதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனார். மனைவி என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "ஒருத்தன் கொணமாயிட்டான்" என்றார். அதற்கப்புறம் எதிரே உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் வினை. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பாராமல் இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு முகமும் வீடுவரை கூடவே வந்தது. இவன் இன்று குடித்திருப்பானோ, அவன் மனைவியை அடித்திருப்பானோ என்று சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். கடையில் நின்ற காலத்தில் கால் மட்டும்தான் வலித்தது.

சுடலைமணி மூன்றாம் முறையாக வந்தது மழை விட்ட ஒரு காலையில். துவைத்துத் தேய்த்த சட்டை, தலை படிய வாரியிருந்தான். அவனைக் கண்டதும் பால்வண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவன் முகம் மலரவில்லை.

"எம் பொஞ்சாதிக்கு என்னமோ ஆயிட்டு அண்ணாச்சி."

"என்னாச்சு? ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாருக்கு. சண்டை போட மாட்டக்கா."

பால்வண்ணன் சிரித்துவிட்டார். "ஊர்ல அவனவன் அதுக்குத்தான்ல கோயில் கோயிலா நேந்துக்கிட்டு அலையுதான்."

"சிரிக்காதிய அண்ணாச்சி. வேணும்னே லேட்டாப் போனேன். ஏன் லேட்டுன்னு கேக்கல. சாப்பிடாமப் படுத்தேன். ஏன் சாப்பிடலன்னு கேக்கல. ஒருநா பக்கத்து வீட்ல படுத்துட்டு விடிஞ்சப்புறம் போனேன். வாங்க, காப்பி வேணுமாங்கா. முன்ன எப்படி இருந்தா தெரியுமா? நான் விழுந்து கெடந்தா கல்லை எடுத்து எறிவா. எறிஞ்சிட்டு அவளே அழுதுக்கிட்டுத் தூக்கிட்டுப் போவா. இப்பப் பூவும் அல்வாவுமா வாங்கிட்டுப் போறேன். தேங்க்ஸுங்கா அண்ணாச்சி. இருபது வருசம் கூட இருந்தவ, தேங்க்ஸுங்கா."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் உதடு கோணிக்கொண்டது. குடித்திருந்த காலத்தில் அவன் இப்படி அழுது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று மதியமே பால்வண்ணன் அவர்கள் தெருவுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்துவீட்டுக்காரி பள்ளிக்கூட மைதானத்தைக் கைகாட்டினாள். இசக்கியம்மாள் அங்கே ஸ்கூட்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நேராக ஓட்டினாள், திருப்பத்தில் சாய்ந்தாள், விழுந்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே பால்வண்ணனுக்குப் புதிது. பத்து வயது குறைந்திருந்தது. கால் வீக்கத்தைக் காணோம்.

"வாங்க அண்ணாச்சி" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ராத்திரி படுத்தா விடிஞ்சதுதான் தெரியுது."

இருவரும் மைதானத்துச் சுவரோரம் நிழலில் நின்றார்கள். எப்படித் தொடங்குவது என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்த எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"சுடலை வந்திருந்தான். நீ அவன்கிட்டப் பேசவே மாட்டக்கியாமே?"

"பேசுதேனே. என்ன பேசல?"

"கோவமா இருக்கியாம்மா அவன் மேல?"

இசக்கியம்மாள் யோசித்தாள். பொய் சொல்ல யோசிப்பதுபோல இல்லை. வீட்டில் ஒரு சாமான் இருக்கிறதா இல்லையா என்று நினைத்துப் பார்ப்பதுபோல இருந்தது.

"கோவம் இல்ல அண்ணாச்சி. பாசம் இல்லன்னும் சொல்ல முடியாது. எங்க வச்சேன்னு ஞாபகம் இருக்கு. போயி எடுக்கணும்னுதான் தோண மாட்டக்கு. அவிய வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். செருப்புச் சத்தம் கேட்டா, யாரோ நடக்காவன்னு இருக்கு. அம்புட்டுதான்."

"எப்ப இருந்தும்மா?"

"அவிய குடியை விட்டாவல்லா, அப்பம் இருந்தே."

"மருந்தை எதுல கலந்த?"

"நீங்க ஏன் பயப்படுதிய? சட்டியில எல்லாம் கலக்கல. அவிய தட்டுல, சோத்துல மட்டும்தான் விட்டேன்."

"நீ எதுல சாப்பிட்ட?"

"நான் எப்பவும் அவிய தட்டுலதான். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அதான் வழக்கம். குடிச்சிட்டு வந்தாப் பாதியில எந்திரிச்சிருவாவ. சோத்தைக் கொட்ட மனசு வருமா? அதுலயே உக்காந்து தின்னுட்டுத் தட்டைக் கழுவிருவேன்."

"மருந்து விட்ட சோறுன்னு தெரியும்லாம்மா?"

"தெரியாம என்ன?" அவள் அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கேலிகூட இருந்தது. "அது குடிக்கிறவியளுக்கு உள்ள மருந்து. எனக்கென்ன குடிப்பழக்கமா இருக்கு, என்னையப் பிடிக்க?"

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை நிமிர்த்தப் போனாள். பால்வண்ணன் அவள் மையத்துக்கு வந்த நாளை நினைத்துப் பார்த்தார். ஏழு மணி ஆனால் வயிற்றைப் பிசைகிறது என்று இவள்தானே வந்து சொன்னாள். நெஞ்சு நின்று நின்று அடிக்கிறது, தேடித் தேடி அலைகிறேன் என்றாளே. குடிக்கிற எவனும் அந்த மேசையில் உட்கார்ந்து அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறான். அவ்வளவும் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இவளுக்கு எரிந்துகொண்டிருந்தது சுடலைமணி. மருந்துக்கு என்ன தெரியும், புருஷனா பாட்டிலா என்று? போய் அவித்துவிட்டது.

பின்னாலேயே போய் நின்று, உள்ளதை உள்ளபடி அவளிடம் சொன்னார். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டாள். அழுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்தார். அப்படியாவது அழ மாட்டாளா என்றிருந்தது அவருக்கு.

"அப்படியா?" என்றாள் இசக்கியம்மாள். "பாவம் அவிய." இருக்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "இதுக்கு மாத்து மருந்து இருந்தாலும் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நான் பட்டது போதும்" என்றாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் டாக்டர் ஜெபமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். விதியை மீறியதை, பொய் சொல்லிப் பாராட்டு வாங்கியதை, ஒன்று விடாமல். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தம்மா இப்ப கஷ்டப்படுறாங்களா?"

"இல்ல மேடம். சந்தோசமா இருக்கா."

"அவர் குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்ப யாருக்குப் பிரச்சனை?"

"அவன் அழுதான் மேடம்." பால்வண்ணனின் குரல் உடைந்தது. "எனக்குத் தூக்கம் வரல. அந்த வீட்டை நான்தான் கெடுத்தேன். அவளைப் பழையபடி ஆக்க ஒரு வழியும் இல்லையா?"

"இல்ல. நீங்க செஞ்சது தப்பு. சுடலைமணிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க, அது அவருக்குத் தெரியணும். அதுக்கப்புறம் அவர் தன் வாயால கேட்டா, அவருக்கும் மருந்தைக் கொடுங்க. மனைவிக்கு ஏங்குற அந்த ஏக்கமும் அவிஞ்சிடும். ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பாங்க."

சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "இது உங்களுக்கு. பயிற்சி முடியிறப்ப எல்லாருக்கும் கொடுக்கிறதுதான். கட்டாயம் இல்ல."

"எனக்கு எதுக்கு மேடம்? நான் குடிக்கிறதில்லையே."

"எதிர்ல இருக்கிறவன் தேறணும்னு ஏங்குறீங்கல்ல, அதுக்கு. அந்த ஏக்கத்தோட இந்த நாற்காலியில ஒருத்தரும் நிலைச்சதில்ல. நானும் முதல் வருஷம் தினமும் அழுதேன். பத்து நாள் எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

எதுவும் ஏறாத அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பால்வண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. தவம் என்று நினைத்திருந்தார். டாக்டரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. குப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் சுடலைமணியை வரச்சொல்லி, மையத்தின் வாசல் படியில் உட்கார வைத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. தனக்குத் தெரியாமல் தனக்கு மருந்து கொடுத்தார்கள் என்ற இடத்தில், "என்னையக் கேக்காம நீங்க யாரு அண்ணாச்சி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். தட்டு என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"எச்சிச் சோறு" என்றான் கடைசியில். "நான் போதையில பெசஞ்சு போட்ட சோறு. எந்திரிச்சு வேற தட்டுல தின்னுன்னு ஒருநா சொன்னதில்ல அண்ணாச்சி நான்."

பால்வண்ணன் அவன் முதுகில் கை வைத்தார்.

"எனக்கும் அதைக் குடுத்திருங்க."

"எதை?"

"அந்த மருந்தைத்தான். இப்ப எனக்குக் குடி ஞாபகமே இல்ல. அவ ஞாபகம்தான். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அவளைத் தேடுதேன். தாங்க முடியல. அதையும் அவிச்சிருங்க. எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கேன். எவனும் என்னையக் கலந்து ஏமாத்தல. என் வாயால கேக்கேன்."

விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. குப்பி சட்டைப்பையிலேயே இருந்தது, கொடுக்க ஒரு நொடி ஆகாது. கொடுத்தால் இவன் தூங்குவான். அவளும் தூங்குகிறாள். மிச்சத்தில் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டால் ஊரே தூங்கும். பால்வண்ணனின் கை பையருகே போனது.

"மாட்டேன்" என்றார்.

கம்பி வலைக்குப் பின்னால் நின்ற காலம் முழுக்க ஒருவனிடமும் அவர் சொல்லாத வார்த்தை அது. சொன்ன பிறகு அவருக்கே பயமாக இருந்தது.

"பையில இருக்கு, தெரியுது."

"இருக்கு. தர மாட்டேன்."

"கேட்டாக் குடுக்கணும்லா?"

"குடுக்கணும்தான்."

"பெறகு என்ன? நீங்க தராட்டி நாளைக்கு டாக்டரம்மாட்டப் போயி நிப்பேன். அவிய தந்துருவாவ."

"தந்துருவாங்க" என்று ஒத்துக்கொண்டார் பால்வண்ணன். படித்த பாடம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "ஏல சுடலை, அவ உனக்காக இருபது வருசம் ஏங்குனா. அந்த ஏக்கம் அவகிட்டயே இப்ப இல்ல. ஒங்கிட்டதான் இருக்கு. நீயும் அவிச்சிட்டா, அப்படி ஒருத்தி இருந்தாங்கிறதுக்கு எவன்ல மிச்சம்?"

"அதுக்காக நான் சாகணுமா?"

"தெரியலல. எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னைக்கு ஒருநா பொறு. வேணும்னா நாளைக்கு வந்து கேளு."

சுடலைமணி அவரை வெறித்துப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் காலை மையம் திறக்குமுன்பே பால்வண்ணன் வாசலில் வந்து நின்றார். அவன் நேரே டாக்டர் அறைக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். யார் யாரோ வந்தார்கள். வயிற்றைப் பிசைந்தது. குப்பி பையில்தான் இருந்தது. அதைத் தொட்டால் இந்த அவஸ்தை இல்லை என்று தெரிந்தும் தொடாமல் நின்றார்.

வெயில் ஏறிய பிறகு சுடலைமணி வந்தான். கண்கள் சிவந்திருந்தன, குடித்ததால் அல்ல. நேராக உள்ளே போகப் பார்த்தவன், படியருகே நின்ற பால்வண்ணனைக் கண்டு நின்றான்.

"எவ்வளவு நேரமா நிக்கிய?"

"இப்பத்தான் வந்தேன்."

"நேத்து என் தட்டைக் கழுவிட்டு, தனித் தட்டுல சோறு போட்டுத் தின்னா அண்ணாச்சி. பாத்துக்கிட்டே இருந்தேன். கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இன்னைக்கு ஒருநா பொறு. நாளைக்குப் பாப்போம்."

"நேத்தும் இதத்தான சொன்னிய?"

"நாளைக்கும் இதத்தான்ல சொல்லுவேன்" என்றார் பால்வண்ணன்.

சுடலைமணி டாக்டர் அறைக் கதவை ஒருமுறை பார்த்தான். பிறகு படியில் உட்கார்ந்தான்.